விசாரணை அறிக்கையையும் முழுசா போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நேபாளத்துல பொக்காராவுல 2023 ஜனவரி 15ல எட்டி ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 72 பேர் செத்தப்போ எல்லா பேப்பர்லயும் முதல் பக்கம் அதான், அதுல 5 பேர் நம்ம நாட்டுக்காரங்க வேற, ஆனா அந்த வருஷக் கடைசில விசாரணை அறிக்கை வந்தப்போ அது எத்தனை பேர் கண்ணுல பட்டிருக்கும் சொல்லுங்க. மலை, மூடுபனின்னுதான் இன்னும் நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. அன்னிக்கு வானிலை நல்லாத்தான் இருந்துச்சு.

இறங்கப் போற நேரத்துல ஃப்ளாப் லீவரை (இறக்கையோட பின்பக்கத் தகட்டை இறக்குற கைப்பிடி) இழுக்கச் சொல்லியிருக்காங்க, பக்கத்து சீட் பைலட் கை தவறி அதுக்குப் பக்கத்துலயே இருக்கிற கண்டிஷன் லீவர்களை (புரொபெல்லரைக் கட்டுப்படுத்துற கைப்பிடிகள்) நகர்த்திட்டார், உடனே ரெண்டு புரொபெல்லரும் விமானத்தை முன்னால தள்ளுற விசையைக் கொடுக்காம போயிடுச்சு, இன்ஜின் என்னமோ ஓடிட்டேதான் இருந்துச்சு. ஓட்டிட்டு இருந்தவங்க பவர் வரலைன்னு ரெண்டு தடவை சொல்லியும் என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் பிடிபடல. படிக்கவே மனசு பதறுது.

இதை வெறுமனே 'பைலட் தவறு'ன்னு ஒத்த வரில முடிக்கிறது நியாயமே இல்லைங்க, உலக விதிப்படி இந்த விசாரணையே யார் மேலயும் பழி போட இல்ல, இன்னொரு தடவை நடக்காம இருக்கத்தான். புது ஏர்போர்ட், கடைசி நேரத்துல மாத்தின ரன்வே, வேலைப்பளு, எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கை தவறுச்சு. விபத்துக்குக் கொடுக்கிற இடத்துல பாதியாவது அறிக்கைக்கும் கொடுங்க, தமிழ்ல, படத்தோட.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பல்லாவரம், சென்னை