சுவரும் கொடுங்கள், பெயரும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றுலாப் பயணிகளைக் கவர நீலகிரியில் சாலையோரச் சுவர்களில் படம் வரைந்து வருகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் பெரும்பாலும் அதே புலி, அதே வரையாடு. யார் வரைந்தது என்று ஓரத்தில்கூட ஒரு பெயர் இருப்பதில்லை.

மகளைப் பார்க்க நெதர்லாந்து போயிருந்தபோது ஆம்ஸ்டர்டாமில் ‘ஸ்ட்ராட்’ அருங்காட்சியகத்துக்குப் போனோம். பொதுச் சுவர்களில் ஸ்ப்ரே பெயின்டால் எழுதும் கிராஃபிட்டிக்கும் தெரு ஓவியத்துக்கும் என்றே 2020 அக்டோபரில் திறந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனின் பின்பக்கம் இலவசப் படகு ஏறினால் பழைய கப்பல் கட்டும் தளத்தில் இறங்கலாம். அங்கே வெல்டிங் நடந்த பிரம்மாண்டக் கொட்டகைதான் இன்று அருங்காட்சியகம். வெளிச்சுவரில் பெரிதாக, பிரேசில் ஓவியர் எடுவார்டோ கோப்ரா 2016-ல் வரைந்த, நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்க்கின் முகம்.

உள்ளே கூரையிலிருந்து வீட்டுச் சுவர் அளவுக்குத் துணிகள் தொங்குகின்றன. பெரும்பாலானவை அந்தக் கொட்டகையிலேயே நின்று வரையப்பட்டவை. ஒரு பெண்ணின் முகத்தைத் தள்ளி நின்று பார்த்தேன்; கன்னத்தின் ஈரம்கூடத் தெரிந்தது. கிட்டே போனால் முகம் இல்லை, ஸ்ப்ரே பெயின்டின் புள்ளிகளும் வழிந்து காய்ந்த கோடுகளும்தான். அசந்துபோனேன். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஓவியர் பெயர் இருந்தது. இந்தக் கலை வளர்ந்ததே பெயரிலிருந்துதானே! நியூயார்க் முழுக்க ‘டாக்கி 183’ என்று தன் பட்டப்பெயரை எழுதித் திரிந்த பையனைப் பற்றி 1971-ல் நியூயார்க் டைம்ஸ் செய்தி போட்டது.

சுவரில் வரையும் கலைக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூர்ப் பாறையில் பழங்கால ஓவியங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் மேல் வெளியாட்கள் கிறுக்கிப் பாழாக்கிய செய்தியைப் படித்தபோது வயிறு எரிந்தது. நீலகிரிப் பழங்குடிகளான ஆலுக் குறும்பர்கள் வீட்டுச் சுவரில் செம்மண், வெள்ளை மண், மரப்பட்டைக் கறுப்பு, இலைப் பச்சை கொண்டு வரைந்து வந்தவர்கள். இப்போது காகிதத்திலும் வரைகிறார்கள். தேன் எடுக்கும் படம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். செங்குத்துப் பாறை, கொடி ஏணி, அதில் தொங்கும் மனிதன். அவனுக்குக் கண்ணும் மூக்கும் இல்லை, நாலைந்து கோடுதான். ஆனாலும் ஏணி ஆடுவது தெரிகிறது.

இந்தக் கை வைத்திருப்பவர்கள் நம்மோடு இருக்கும்போது, நம் மலையின் சுவர்களை ஏன் அவர்களிடம் கேட்கக் கூடாது? கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலையில் எத்தனை தடுப்புச் சுவர்கள் விளம்பரம் ஒட்டிக் கிடக்கின்றன! மண் நிறம் நம் மழைக்கு நிற்காது என்பார்கள். எந்த நிறம், எந்தச் சுவர், என்ன படம் என்பதை வரைபவரே முடிவு செய்யட்டும். நகரத்து ஓவியருக்குக் கொடுக்கும் கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. சாமி காரியமாக வரைபவை இருந்தால் அவற்றைச் சாலைக்குக் கொண்டுவரச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. படத்தின் கீழே அவர் பெயரும் ஊரும் தமிழில் பெரிதாக இருக்க வேண்டும்.

கோடை விழாவுக்குக் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி வைக்கிறோம், கூட்டம் அலைமோதுகிறது. அடுத்த சீசனுக்குள் பூங்காவுக்கு வரும் வழியில் ஒரே ஒரு சுவரையாவது மாவட்ட நிர்வாகம் இப்படிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கரிக்கியூர்ப் பாறைக்குக் காவல் போடுவதை அதுவரைகூடத் தள்ளிப்போடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி.