பத்திரம் வீடு வந்து சேர்ந்தது: உங்கள் எல்லோருக்கும் நன்றி

பட்டறை அண்ணன்களுக்கும், சீட்டுக்கார அக்காமார்களுக்கும், டயாலிசிஸ் வார்டில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

அடமானத்தில் இருந்த எங்கள் வீட்டுப் பத்திரத்தைப் போன வாரம் மீட்டுவிட்டோம். வீடு வீடாக வந்து சொல்லத்தான் ஆசை. செவ்வாய், வியாழன், சனி ஆஸ்பத்திரி, மீதி நாள் கம்பெனி என்று ஓடுவதால் எழுத்தில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றதும், டயாலிசிஸ் செலவை நினைத்துத்தான் பயந்தோம். ஒரு தனியார் மருத்துவமனையில் கைக்காசு கட்டினோம். முதலில் நகை போனது, அப்புறம் பத்திரம். அங்கே காத்திருந்த ஒரு அம்மாதான், "கார்டு போட்டாச்சா கண்ணு?" என்று கேட்டார். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், டயாலிசிஸும் அதில் அடங்கும் என்று எங்களுக்குச் சொன்ன முதல் ஆள் அவர். பெயர்கூடத் தெரியாது. கலெக்டர் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்திலும் எழுந்து போகாமல் அட்டை வேலையை முடித்துக் கொடுத்த தம்பிக்கும் நன்றி.

டயாலிசிஸ் இலவசம்தானே, அப்புறம் என்ன செலவு என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு தடவைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 3 தடவை. போக, வர, காத்திருக்க என்று முழு நாளும் போய்விடும். அவருக்கும் கூலி இல்லை, துணைக்குப் போகும் எனக்கும் கூலி இல்லை. வட்டி மட்டும் லீவு போடாது.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பதை ஃபிஸ்டுலா என்பார்கள். அது போட்ட கையால் அவர் பாரம் தூக்கக் கூடாது. பஸ் பாடி கட்டும் பட்டறையில் அப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "வீட்டில் இருந்துக்கப்பா" என்று முதலாளி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்டோரில் உட்கார வைத்து போல்ட், நட்டு கணக்கைக் கையில் கொடுத்தார். எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் அக்கா, கிச்சன் டவல் பண்டிலைப் பையில் கட்டி, "ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டு, பீஸ் கணக்கில் போட்டுக்கலாம்" என்றார். நூல் பறக்கிறது என்று விரட்டாமல் வராந்தா ஓரத்தில் இடம் காட்டிய சிஸ்டர், நன்றி. (கூட்டிவிட்டுத்தான் கிளம்புவேன், அது உங்களுக்கே தெரியும்.)

சீட்டுக்கார அக்காமார்களே, உங்களுக்கு என்ன சொல்ல! ஏலச்சீட்டில் பணமுடை உள்ளவர்கள், சீட்டுத் தொகையில் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன் என்று போட்டி போட்டுத் தள்ளிக் கேட்பார்கள். முடை கூடக் கூடத் தள்ளும் கூடும், கைக்கு வருவது குறையும். அன்றைக்கு நான் குறைந்தபட்சத் தள்ளில் கேட்டேன். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உங்களில் ஒருவர் வீட்டில் அடுத்த மாதம் கல்யாணம். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கிட்டத்தட்ட முழுச் சீட்டும் என் மடியில் விழுந்தது. அதுவரை வட்டி மட்டுமே கட்டிக்கொண்டிருந்த நாங்கள் அசலில் கை வைத்தது அன்றுதான்.

நோயாளியைப் பார்க்க வருபவர்கள் சாத்துக்குடியும் இளநீருமாக வருவார்கள். பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் அவருக்கு இரண்டும் ஆகாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பழத்துக்குப் பதில் அரிசிச் சிப்பத்தை இறக்கிப் போன சின்ன மாமனாருக்கு நன்றி.

வேலைக்குப் போகிறேன் என்று நின்ற என் மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்ட டீச்சருக்கும் நன்றி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அவளது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் நாங்கள் தேட வேண்டியதில்லை.

மளிகைக் கடை அண்ணாச்சி, பத்திரம் வந்துவிட்டது என்றதும் உங்கள் நோட்டு ஞாபகத்துக்கு வந்திருக்கும். பாக்கி இருப்பது தெரியும். தீபாவளி போனஸ் வந்ததும் முதலில் உங்கள் கடைக்குத்தான் வருவேன்.

இப்படிக்கு,
கரூரிலிருந்து ஒரு டெக்ஸ்டைல் தொழிலாளி