அரை மணி நேரத்தில் பார்த்துவிடும் இடமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் சிம்லா, மணாலி பயணக் கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் சண்டிகருக்கு அதில் ஒரே ஒரு வரிதான்: போகிற வழியில் ராக் கார்டன் என்ற சிற்பத் தோட்டத்தை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு மலையேறலாம் என்று. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நெடுஞ்சாலைத் துறையில் 31 ஆண்டு வேலை பார்த்து, சாலை ஆய்வாளராக ஓய்வுபெற்றவன் நான். போன மார்ச்சில் நானும் என் மனைவியும் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் வடக்கே போனோம். ராக் கார்டன் வாசலில் இறக்கிவிட்டு, "நாற்பது நிமிஷத்துல வந்துடுங்க" என்றார்கள். சரி என்று உள்ளே போனோம். கொஞ்ச தூரத்திலேயே என் கால் நின்றுவிட்டது. எதிரே தார் டிரம்களை வரிசையாக நிறுத்தி எழுப்பிய சுவர். வேலைக்காலம் முழுவதும் காலி தார் டிரம்களை எண்ணி எண்ணிக் கணக்கு எழுதியவன் நான். அதைச் சுவராகப் பார்த்த மனிதர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை.

அவர் பெயர் நேக் சந்த். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். நான் பார்த்த அதே வேலை! சண்டிகர் நகரத்தைக் கட்ட இடித்த கிராமங்களின் உடைசல்களைச் சைக்கிளில் அள்ளிவந்து, சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், கட்டடமே எழுப்பக் கூடாத காட்டுப் பள்ளத்தில் 1957-ல் இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறார். பகலெல்லாம் அரசு வேலை, இரவில் இது. வெளியே தெரியவே ஏறக்குறைய 18 ஆண்டு ஆகியிருக்கிறது. அப்போதே 12 ஏக்கருக்குப் பரவியிருந்ததாம். விதிப்படி பார்த்தால் இடித்துத் தள்ளியிருக்க வேண்டியது. அதற்கு மாறாக 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளத்தையும் 50 ஆட்களையும் கொடுத்து இதையே வேலையாக்கியது அரசு. 1984-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு சாலை ஆய்வாளருக்கு! 2015-ல் காலமாகிவிட்டார்.

வாசல்களைக் குட்டையாக வைத்திருக்கிறார், தலை குனிந்துதான் நுழைய வேண்டும். உடைந்த கண்ணாடி வளையல்களைச் சிமெண்டில் பதித்து உடுத்திவிட்ட பெண் சிலைகள் கூட்டமாக நிற்கின்றன. என் மனைவி அவற்றின் முன்னால் வெகுநேரம் நின்றாள். சிவப்பு, பச்சை, கறுப்பு என்று அத்தனை வளையல். "எத்தனை வீட்டு வளையலோ" என்று மட்டும் சொன்னாள். நாற்பது நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. பேருந்துக்காரரிடம் போனில் சொல்லிவிட்டு அங்கேயே தங்கிவிட்டோம். கட்டிய பணத்தில் மீதி திரும்பவில்லை, சிம்லாவும் பார்க்கவில்லை. எங்களுக்கு அதில் வருத்தமே கிடையாது.

மறுநாள் பக்கத்து ஊரான பஞ்சகுலாவுக்குப் போனோம். அங்கே 7 ஏக்கரில், டாக்டர் ஜே.எஸ். சர்க்காரியாவின் முயற்சியில் 1987-ல் உருவான கள்ளித் தோட்டம் இருக்கிறது. மஞ்சள் முள் போர்த்திய உருண்டைக் கள்ளிகள், வெள்ளை முடி மூடியவை, ஆள் உயரத்தைத் தாண்டி நிற்பவை. நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கிள்ளினால் பால் வடிகிற திருகுக்கள்ளியும் சதுரக்கள்ளியும் வேறு குடும்பம். ரோட்டோரம் எத்தனையோ கள்ளியை வெட்டச் சொன்னவன் நான், இந்த வித்தியாசத்தை அங்கே போய்த்தான் நின்று கவனித்தேன்.

அப்புறம் ஒரு தொட்டியில் நாலு பட்டையாக, விரல் தடிமனில் ஒரு செடி. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம் கள்ளிமுளையான்! எங்கள் பக்கத்துக் கரட்டில் ஆடு மேய்க்கப் போகும்போது பசிக்கு ஒடித்துத் தின்போம். அம்மா புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைப்பார். அந்த இனத்துச் செடிகளை அருமையாகச் சேர்த்துக் காக்கிற தோட்டம் அது. இவ்வளவு தூரம் வந்து அதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று மனசு கனத்தது. எங்கள் கரட்டில் இப்போது கல் குவாரிதான் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே ஒரு பட்டைக் கள்ளியின் மடலில் ஆணியால் பெயர்களைக் கீறிவைத்திருந்தார்கள். அதில் ஒரு பெயர் தமிழில் இருந்தது. கள்ளியில் கீறினால் மறையாது, அந்த மடல் இருக்கும்வரை தழும்பு நிற்கும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் சொல்லி அழைத்துப் போங்கள்.

சுற்றுலா நடத்துகிறவர்கள் சண்டிகருக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும், அதில் பஞ்சகுலாவையும் சேர்க்க வேண்டும். உங்கள் நாளிதழும் நேக் சந்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுத வேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, பாலக்காடு பக்கம் மலம்புழா அணையருகே அவரே உருவாக்கிய ராக் கார்டன் ஒன்று இருக்கிறது. கோவையிலிருந்து காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம். இந்த விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளை அங்கேதான் அழைத்துப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர்,
அருப்புக்கோட்டை.