போதைப் பரிசோதனை: கிட் முடிவை வைத்துப் பதவியைப் பறிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊராட்சித் தலைவர்களும் கவுன்சிலர்களும் போதைப்பொருள் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்ற கோரிக்கையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஐந்து நிமிடத்தில் கோடு காட்டும் சிறுநீர் கிட்டை நம்பி இதில் இறங்கினால், குற்றமற்றவர் மாட்டுவார், உபயோகிப்பவர் தப்புவார்.

மலிவான கிட்கள் பல, ஒரு மில்லி சிறுநீரில் 300 நானோகிராம் மார்ஃபின் (ஓபியத்தில் உள்ள போதைப்பொருள்) இருந்தாலே ‘பாசிட்டிவ்’ காட்டும். ஓபியம் செடியின் விதையான கசகசாவை அரைத்து ஊற்றிய குருமாவைச் சாப்பிட்டவரும் இந்த அளவைத் தாண்டக்கூடும். அமெரிக்கா தன் ஊழியர் பரிசோதனையில் இந்த வரம்பை 1998-ல் 2,000 ஆக உயர்த்தியதற்குக் கசகசா ஒரு முக்கியக் காரணம். கர்ப்பகால ரத்தக்கொதிப்புக்குத் தரும் லேபெட்டலால் மாத்திரை, ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருளை எடுத்தவர்போல முடிவைக் காட்டிவிடும். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தில் இதைக் கவனிக்காமல் விட முடியாது. மறுபுறம், நம் ஊர்களில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் டேபென்டடால் என்ற வலி மாத்திரை வழக்கமான ஓபியம் கிட்டில் தெரியவே தெரியாது. ஆகவே கிட் முதல் சல்லடை மட்டுமே. முடிவை எந்தப் பொருள் என்று துல்லியமாகப் பிரித்தறியும் ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் ஆய்வகக் கருவியில் உறுதிசெய்து, மருந்துச் சீட்டை மருத்துவர் ஒருவர் பார்த்த பிறகே அறிக்கை வெளியே வர வேண்டும். டேபென்டடாலையும் டிரமடால் என்ற இன்னொரு வலி மருந்தையும் சோதனைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலான தில்லுமுல்லு நடக்கும். மாதிரியில் தண்ணீர் கலக்காமலிருக்க, கழிப்பறைக் குழாயை மூடி, தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் கலந்துவிட வேண்டும். குறைந்தது 45 மில்லி தேவை. கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வேறொருவரின் சிறுநீராக இருக்கலாம். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினின், ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லி) 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால், குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

வேட்புமனுவோடு சான்றிதழ் கேட்பதில் பயனில்லை. மெத்தம்ஃபெட்டமின் போன்ற கடுமையான போதைப்பொருள் சில நாட்களிலேயே சிறுநீரிலிருந்து போய்விடும். நாள்தோறும் கஞ்சா புகைப்பவருக்கோ ஒரு மாதம்கூட நிற்கும். தேதி தெரிந்தால் கடுமையான போதையை எடுப்பவர்தான் எளிதில் தப்புவார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் வேட்பாளர்களிடம் இப்படித்தான் சான்றிதழ் கேட்டது. தேதி முன்கூட்டியே தெரிவதால் உபயோகிப்பவர் தப்பிவிடுவார் என்பதையும் சுட்டிக்காட்டி, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1997-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பதவிக்காலம் முழுவதும், முன்னறிவிப்பில்லாமல், குலுக்கலில் பெயர் எடுத்துச் சோதிப்பதே சரி. யாரைச் சோதிப்பது என்று கலெக்டரோ ஆளுங்கட்சியோ கைகாட்டக் கூடாது.

சுற்றறிக்கை மூலம் யாரையும் பதவியிழக்கச் செய்ய முடியாது. அரசியலமைப்பின் 243எஃப், 243வி பிரிவுகளின்படி தகுதியிழப்பை மாநிலச் சட்டமன்றம் சட்டமாக இயற்ற வேண்டும். உள்ளாட்சி வேட்பாளருக்குக் கல்வித்தகுதி வைத்த ஹரியானா சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2015-ல் ஏற்றதால், இந்த வழி அடைபட்டிருக்கவில்லை. முதல்முறை உறுதியானால் சிகிச்சை, மறுமுறை உறுதியானால் பதவி நீக்கம் என்று நம் மாநிலச் சட்டத்தில் எழுதலாம்.

அந்தச் சட்டத்தில் ஒரு வரி அவசியம் இருக்க வேண்டும். 45 மில்லி சிறுநீரை, கொடுத்தவரின் கண்ணெதிரே 30, 15 எனப் பிரித்து, இரண்டு பாட்டில்களுக்கும் சீல் வைத்து, லேபிளில் அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். 15 மில்லி பாட்டில் உறைநிலையில் இருக்கட்டும். முடிவை மறுப்பவர், அதை வேறொரு ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வக நுட்புநர்,
மதுரை