மாட்டர்ஹோர்ன் ஏறப் போகிறவர்களிடம் ஏன் இத்தனை கேள்வி?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன கிழமை வெள்ளி பின்னேரம் மூன்று தம்பிமார் எங்கள் மலையேற்றச் சாமான் வாடகைக் கடைக்கு வந்து, "நாளைக்கு மாட்டர்ஹோர்ன். ஹெல்மெட், கயிறு, கிராம்போன் (பனியில் நடக்கச் சப்பாத்தில் மாட்டும் இரும்பு முள்) எல்லாம் மூன்று செட் தாருங்கோ" என்றார்கள். இதுவரை ஏறிய மலை எது என்று கேட்டோம். சென்டிஸ் என்றார்கள், நடந்தே ஏறக்கூடிய மலை. கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனார்கள். "காசு தந்தால் சாமான் தரவேண்டியதுதானே" என்று பிறகு வேறு சிலரும் கேட்டதால்தான் இந்த மடல்.

சொக்கலேட் பெட்டியில் பார்த்துப் பழகிய மலை என்பதால் நெருங்கிய சொந்தம்போலத் தோன்றும். 4478 மீற்றர். சுவிஸ்-இத்தாலி எல்லைக் கோடு உச்சி வழியாகவே போகிறது. அந்தப் பக்கத்தார் செர்வினோ என்பார்கள். உச்சியில் இரண்டு முனை, இத்தாலி முனை ஓரிரு மீற்றர் குறைவு.

சுவிஸ் பக்கத்து வழக்கமான வழி ஹோர்ன்லி முகடு. 3260 மீற்றரில் உள்ள குடிலிலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டும். பழகியவருக்குத் தனித்தனியாக எந்த இடமும் பெரிய கஷ்டமில்லை. ஆனால் 1200 மீற்றர் உயரத்துக்கு ஏற்றம் ஓயாது. கல் கழன்று விழும், இருட்டில் வழி தவறும். தடித்த கயிறுகள் கட்டியிருப்பது பெரும்பாலும் மேல்பகுதியில்தான். 4003 மீற்றரில் இருக்கும் சொல்வே குடில் ஆபத்துக்கு ஒதுங்க மட்டும். தங்கிப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

ஏற நாலைந்து மணித்தியாலம் என்றால் இறங்கவும் அவ்வளவு ஆகும். களைத்த காலோடு இறங்குவதுதான் வில்லங்கம். 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேயர் எட்வர்ட் விம்பரின் குழு ஏழு பேரும் முதன்முதலாக உச்சி தொட்டார்கள். இறங்கும்போது 19 வயது ஹேடோ சறுக்கினார். அனுபவம் குறைந்தவர் அவர்தான். அவரோடு மூவர் இழுபட்டுப் போனார்கள். கயிறு அறுந்ததால் மற்ற மூவர் தப்பினார்கள். அறுந்த கயிற்றை மலையடிவார ஊரான சேர்மாட்டின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மலைக்கு முன் அதைப் போய்ப் பாருங்கள்.

இத்தாலிப் பக்கத்துச் சிங்க முகடு சுலபம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விம்பர் குழு ஏறி மூன்றே நாள் கழித்து இத்தாலிய வழிகாட்டி கரேல் ஏறிய வழி அது. கயிறும் ஏணியும் உண்டு, சுலபமில்லை. ட்ஸ்முட், ஃபுர்கன் முகடுகள் இன்னும் கடுமை. வடமுகத்தை 1931இல் முதலில் ஏறிய ஷ்மிட் சகோதரர்கள் மியூனிக்கிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள்! அப்படிப்பட்டவர்கள் எங்களிடம் வாடகைக்கு வரமாட்டார்கள்.

இன்னொன்று, வெக்கை. பாறை இடுக்குகளைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே உறைந்த பனி. வெக்கையில் அது உருகினால் கல் சரியும். 2003 கோடையில் கல் சரிந்து, மேலே அகப்பட்டவர்களை ஹெலியில் இறக்க வேண்டி வந்தது.

ஆகவே மாட்டர்ஹோர்னுக்குச் சாமான் வேண்டுமென்றால் இனி இப்படி: சேர்மாட் பக்கத்துப் பயிற்சிப் பாறையான ரிஃபல்ஹோர்னில் பாறைப் பயிற்சியும், பிரைட்ஹோர்ன்போல நாலாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஒரு மலையும் முடித்திருக்க வேண்டும், வழிகாட்டியும் பேசியிருக்க வேண்டும். இந்த முகட்டில் ஒரு வழிகாட்டி ஒருவரைத்தான் கூட்டிப்போவார் என்பதால் நண்பர்கள் மூவருக்கு மூவர் தேவை. ஹோர்ன்லி குடில்வரை நடக்க மட்டும் என்றால் எந்தக் கேள்வியும் இல்லை. கேபிள் காரில் போய் ஸ்வார்ட்சே நிலையத்தில் இறங்கி இரண்டு மணித்தியால நடை, காட்சி அருமை.

அந்தத் தம்பிமார் இதை வாசித்தால் ஒரு சனிக்கிழமை வாருங்கள். ரிஃபல்ஹோர்னுக்கான ஹெல்மெட்டும் கயிறும் முதல்முறை பாதி வாடகைக்குத் தருகிறோம். புதுச் சப்பாத்து வாங்கியிருந்தால் அதற்குமுன் இரண்டு கிழமை போட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்