பச்சை ஸ்டிக்கர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குச் சாக்கு எதுவும் இல்லை, சோம்பல்தான். முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? கல்யாண போட்டோவில் நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடுவதைப் பார்த்தேன். முழங்கால் வலிக்காரன் செய்கிற வேலையாடா அது?

உங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று ஒரு பக்கம் முழுக்கப் புலம்பியிருந்தாய். வீட்டு வரி ஏறும், 100 நாள் வேலை போகும், பாதாளச் சாக்கடை மட்டும் வரவே வராது என்று. கடைசியில் போகிறபோக்கில், "உங்க ஊர்ல இதெல்லாம் எப்படி?" என்று ஒரு வரி. ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாய். நான் இருக்கும் நாஷ்வில், அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் தலைநகரம், இந்தச் சேர்க்கை விவகாரத்தில் ஒரு முன்னோடி ஊர். டீயைப் போட்டு வைத்துக்கொண்டு படி.

இங்கே கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள். ஆனால் மேலிருந்து அனுப்பும் கலெக்டர் கிடையாது, அதற்கும் தேர்தல்தான். அந்தக் கவுண்டிக்குள் நகரம் தனி அரசாங்கமாக இருக்கும். எங்கள் டேவிட்சன் கவுண்டியில் 1960 கணக்குப்படி சுமார் 4 லட்சம் பேர். அதில் நாஷ்வில் நகர எல்லைக்குள் இருந்தவர்கள் 1.7 லட்சம்தான். மீதிப்பேர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெளியே வீடு கட்டிக்கொண்டு போனவர்கள். இந்த ஊரில் ஓரடி தோண்டினாலே சுண்ணாம்புப் பாறை தட்டும். செப்டிக் டேங்கில் விட்ட தண்ணீர் இறங்காமல் மேலே கசியும். தீயணைப்பும் பல இடங்களில் தனியார் கையில், சந்தா கட்டியவனுக்குத்தான் வண்டி வரும். உள்ளே இருந்தவனுக்கு வேறு எரிச்சல். வெளியே இருப்பவன் தினம் காரில் வந்து நம் ரோட்டைத் தேய்த்துவிட்டு வரி கட்டாமல் போகிறானே என்று.

இரண்டு அரசையும் ஒன்றாக்கலாம் என்று 1958இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். நகரத்திலும் ஜெயிக்கணும், வெளியேயும் தனியாக ஜெயிக்கணும் என்பது சட்டம். நகரம் சரி என்றது. வெளிப்பகுதி முடியாது என்றுவிட்டது. வரி பயம், நீ சொல்கிற அதே பயம்.

கதை இனிமேல்தான். அப்போது நகர மேயர் பென் வெஸ்ட். வாக்கெடுப்பு தோற்றதும், ஓட்டே தேவைப்படாத வழியை அவர் எடுத்தார். பக்கத்துப் பகுதிகளைத் தீர்மானம் போட்டே நகரத்தோடு இணைத்துக்கொள்ள மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது. 1960இல் ஒரே வீச்சில் 40 சதுர மைலுக்கு மேல், சுமார் 80 ஆயிரம் ஜனத்தோடு உள்ளே இழுத்துக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. வரி வந்துவிட்டது, சாக்கடை வரவில்லை. இது போதாதென்று வண்டிக்கு 10 டாலர் வரி. கட்டியதற்கு அடையாளமாகக் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டணும். நகர ரோட்டை அடிக்கடி உபயோகிக்கும் வெளியூர்க்காரனும் ஒட்டணும் என்று போலீஸ் மடக்கியது. மாப்ளே, அரசியல் சாசனம், நிர்வாகத் திறமை என்று எத்தனை கூட்டம் போட்டும் அசையாத சனம் அந்த ஸ்டிக்கரில் அசைந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு துண்டாக விழுங்குவதை விட, எங்களுக்கும் ஓட்டுள்ள ஒரே அரசாகச் சேர்ந்துவிடலாம் என்று மனசு மாறினார்கள்.

1962 ஜூன் 28, மறுபடி வாக்கெடுப்பு. வேடிக்கை என்னவென்றால் 1958இல் ஆதரித்த வெஸ்ட் இப்போது எதிர்ப்பு. எல்லையை விரித்துக்கொண்டே போனால் போதும், புது அரசு எதற்கு என்பது அவர் வாதம். நாற்காலிக் கணக்கும் உள்ளே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். கவுண்டி நிர்வாகத்தின் தலைவராக இருந்த பெவர்லி பிரைலி ஆதரவு. பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்காதே, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இந்தத் தடவை உள்ளேயும் வெளியேயும் ஜெயித்தது. 1963 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினத்தன்று, புதிய அரசு பிறந்தது. பிரைலிதான் முதல் மேயர். அன்றிலிருந்து இங்கே மெட்ரோ என்றால் அரசாங்கம். ரயில் என்று நினைத்து ஸ்டேஷனைத் தேடாதே.

இப்போது உனக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன். கவுண்டி முழுக்க ஒரே மேயர், ஒரே கவுன்சில், ஒரே பள்ளி நிர்வாகம். ஆனால் வரி இரண்டு. பொதுச் சேவை வட்டாரம் என்பது மொத்தக் கவுண்டியும். பள்ளி, போலீஸ், நீதிமன்றம், பூங்கா, இதற்கெல்லாம் எல்லோரும் கட்டணும். அதற்குள் நகர்ச் சேவை வட்டாரம் என்று ஒன்று. குப்பை அள்ளுவது, தெருவிளக்கு போன்றவை இங்கே கூடுதல், அதற்குத் தனி வரி. வீட்டு மதிப்பில் கால்பங்கைத்தான் வரிக்கு எடுப்பார்கள். 4 லட்சம் டாலர் வீடென்றால் 1 லட்சம். 2024 விகிதப்படி நகர்ச் சேவைக்குள் இருப்பவனுக்கு வருஷம் 3,254 டாலர், வெளியே இருப்பவனுக்கு 2,922. நான் வெளியே இருப்பவன். குப்பைக்குத் தனியார் வண்டிக்குப் பணம் கட்டுகிறேன். ராத்திரி நடக்கப் போனால் கையில் டார்ச் லைட். நாலு தெரு தள்ளி விளக்கு எரிகிறது, அவன் கட்டுகிறான், எரிகிறது. பொறாமைப்பட வழியில்லை.

இன்னொன்றும் இந்தப் புது அரசின் சாசனத்தில் எழுதி வைத்தார்கள். ஒரு பகுதியை நகர்ச் சேவைக்குள் கொண்டுவந்தால், அந்த வரி கட்ட வேண்டிய நாளிலிருந்து அதிகபட்சம் ஒரு வருஷத்துக்குள் சேவை வந்தாகணும். பச்சை ஸ்டிக்கரில் சூடுபட்டவர்கள் எழுதிய வரி அது. உங்கள் ஊர் அரசாணையில் இப்படி ஒரு வரி உண்டா என்று தேடிப் பார். சேரலாமா கூடாதா என்று கத்துவதை விட இதைக் கேட்டுச் சண்டை போடலாம்.

கறுப்பின மக்களுக்கு வேறு பயம், நியாயமான பயம். பழைய நகரத்தில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கவுண்டியோடு சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்காகக் கரைந்துவிடுவார்கள். சாசனக் குழுவில் அலெக்சாண்டர் லூபி என்ற வக்கீல் இருந்தார். நிறவெறிக்கு எதிராகப் போராடிய மாணவர்களுக்காக வாதாடியதால் 1960 ஏப்ரலில் அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள், தப்பித்தார். அன்றே மாணவர்கள் ஊர்வலமாக வந்து நீதிமன்றப் படியில் மேயர் வெஸ்ட்டை மடக்கி, உணவுக்கடையில் பாகுபாடு தப்பா இல்லையா என்று கேட்க, தப்புதான் என்று எல்லோர் முன்னாலும் அவர் ஒப்புக்கொண்டார். அந்த மனுஷனை ஒரே நிறத்தில் தீட்ட முடியாது பார். கவுன்சிலைப் பெரிசாக வைத்தால்தான் சின்னச் சின்ன வட்டங்களிலிருந்து கறுப்பினத்தவர் ஜெயிக்க முடியும் என்பதும் 40 இடம் வைத்ததற்கு ஒரு காரணம். 35 வட்டத்துக்கு ஆளுக்கொருவர், 5 பேர் கவுண்டி முழுக்கப் பொது. தலைமை தாங்குவது துணை மேயர். லூபியும் அந்தக் கவுன்சிலில் உட்கார்ந்தார்.

நாற்பது பேர் கூடினால் என்ன நடக்கும், உனக்குச் சொல்லவா வேண்டும். கூட்டம் நள்ளிரவைத் தாண்டும். தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, யார் எந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும். நில உபயோக மாற்றம் வந்தால், அந்த வட்ட உறுப்பினர் என்ன சொல்கிறாரோ அதற்கு மற்றவர்கள் தலையாட்டுவது எழுதாத வழக்கம். ஆனால் வட்டத்துக்கு 20 ஆயிரம் பேர்தான். எங்கள் உறுப்பினரை நான் மளிகைக்கடையில் பார்த்து நடைபாதை கேட்டிருக்கிறேன். நடைபாதை வந்ததா என்று கேட்காதே.

கவுன்சிலைச் சுருக்கலாமா என்று 2015இல் ஊராரிடமே கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டார்கள். 2022இல் குடியரசுக் கட்சியின் 2024 தேசிய மாநாட்டை இங்கே நடத்தும் ஒப்பந்தத்தைக் கவுன்சில் தள்ளுபடி செய்தது. மாநிலச் சட்டமன்றம் அந்தக் கட்சியின் கையில். 2023 மார்ச்சில், கவுன்சிலில் இருபது பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. மெட்ரோ அரசு கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கி, அந்த ஆகஸ்ட் தேர்தலில் 40 பேரையே தேர்ந்தெடுத்தோம். ஊரை ஒன்றாக்கினால் உள்சண்டை குறையும், மேலே இருப்பவனோடு சண்டை கூடும்.

முழுக்கச் சேர்ந்துவிட்டது என்றும் நினைக்காதே. பெல் மீட், பெரி ஹில், ஓக் ஹில் என்று சில குட்டி நகரங்கள் அன்றே தனியாக நின்றுகொண்டன. பெல் மீட் பணக்காரர் பேட்டை. தனி மேயர், தனி போலீஸ். மெட்ரோ மேயர் தேர்தலிலும் அவர்களுக்கு ஓட்டு உண்டு. லேக்வுட் என்ற ஒன்று மட்டும் 2011இல் போதுமடா சாமி என்று தன்னைத்தானே கலைத்துக்கொண்டு மெட்ரோவில் கலந்தது. ஷெரிப், அதாவது கவுண்டிப் போலீஸ் அதிகாரி, என்ற பதவி மாநில அரசமைப்பில் இருப்பதால் அதை ஒழிக்க முடியவில்லை. போலீஸ் வேலையை மெட்ரோ எடுத்துக்கொண்டு, அவர் கையில் சிறைச் சாவியையும் நோட்டீஸ் கொடுக்கிற வேலையையும் விட்டுவைத்தார்கள். இன்றும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை அவருக்கு ஓட்டுப் போடுகிறோம்.

அடுத்த கிராம சபையில் என்ன பேசினார்கள் என்று விவரமாக எழுது. உன் வீடு எந்த வார்டில் விழுகிறது என்று தெரிந்தால் அதையும். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். பந்தியில் இனிமேல் தண்ணீர் டம்ளரோடு நில், சாம்பார் வாளியை இளசுகள் தூக்கட்டும்.

உன்,
பழைய கடைசி பெஞ்சுக்காரன்