வைகாசியில் வருகிறாய், மேளம் கேட்காமல் போகாதே

அன்பு மச்சான் ராகவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வலைப்பதிவர் மாநாட்டுக்காக மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் நிற்பாய், இரவில் என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். வைகாசி நல்ல மாதம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் கொடி ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள்தான் ஏறும், அது உனக்குக் கிடைக்காது. ஆனால் ஊர்க்கோயில் திருவிழாக்கள் அந்நேரம் நிறைய நடக்கும். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழைக்குள் வெளியில் ஒன்றும் பார்க்க ஏலாது.

வீரசிங்கம் மண்டபத்திலும், பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியோடு கட்டிய கலாசார மண்டபத்திலும் நிகழ்ச்சிகள் வரும். அப்படியானவை கொழும்பிலும் உனக்குக் கிடைக்கும். இங்கே நீ கேட்கவேண்டியது மேளச்சமா, அதாவது தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்த கச்சேரி. இணுவில், அளவெட்டி ஊர்களில் தவிலும் நாதஸ்வரமும் தலைமுறை தலைமுறையாக வருகிற கலை. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த மண் இது.

மேளம் கேட்கப் போகிறவன் முதலில் விசாரிக்க வேண்டியது கச்சேரி நேரத்தை அல்ல. "சுவாமி எத்தனை மணிக்கு வெளிவீதி வரும்?" என்று கேள். வசந்தமண்டபப் பூசை முடிந்து சுவாமி வெளியே வந்த பிறகுதான் வாசிப்பு விரியும். பூசை பிந்தினால் எல்லாமே பிந்தும். தேர், தீர்த்தம் பகலில் முடிந்துவிடும். உன் மாநாட்டு நேரத்துக்கு ஒத்துவருவது தீர்த்தத்துக்குப் பின் வரும் பூங்காவனத் திருவிழா இரவு. மேளகாரர் ஆறுதலாக இருந்து வாசிப்பதும் அன்றைக்குத்தான்.

ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் இருக்காதே. நாதஸ்வரத்தின் அணைசு, அதாவது விரிந்த முன்வாய், உன் முகத்துக்கு நேரே வராமல், தவில்காரரின் வலக்கை தெரிகிற பக்கமாகப் பத்துப் பதினைந்து அடி தள்ளி இடம் பிடி. துணியும் பசையும் சேர்த்து இறுகக் காயவைத்த கூடுகளை வலக்கை விரல்களில் மாட்டியிருப்பார், இடக்கையில் குறுந்தடி. தவில் மட்டும் வாசிக்கிற தனி தொடங்கியதும் கையில் தாளம் போட்டுக்கொள். இரண்டு தவில்காரரும் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), அரை, கால் என்று குறைத்துக் குறைத்து மாறி மாறி வாசித்து, கடைசியில் சேர்ந்து மோரா, கோர்வை என்கிற முடிப்புச் சொற்கட்டுகளை வைத்து முடிப்பார்கள். தாளத்தை விட்டுவிட்டால் அது வெறும் சத்தமாகத்தான் காதில் விழும். பிடித்துக்கொண்டாயோ, உடம்பு சிலிர்க்கும்.

பதிவுக்கு ஒலி எடுக்க ஆசைப்படுவாய். கிட்ட இருந்து எடுத்தால், தவிலில் அடி விழும்போதெல்லாம் ஃபோன் தானாக ஒலியைக் குறைக்கும், நாதஸ்வரம் அமுங்கிப் போகும். இருபது இருபத்தைந்து அடி தள்ளி நின்று அரை நிமிடம் எடுத்து, காதில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடர். கோயிலுக்குள்ளே படம் எடுக்கக் கேளாமல் ஃபோனைத் தூக்காதே. பல கோயில்களில் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், வேட்டியோடு வந்தால் சுகம்.

காத்தவராயன் என்ற நாட்டார் தெய்வத்தின் கதையைச் சொல்லும் காத்தவராயன் கூத்து எங்காவது போட்டால் அதையும் விடாதே. சிந்துநடைக் கூத்து, ஆர்மோனியம் கூட வரும். இரவு தொடங்கினால் விடியும்வரை போகும். காத்தவராயனாக ஒருவரல்ல, பலர் வருவார்கள்: சிறுபிள்ளைக் காத்தான் முதல் கழுமரம் ஏறும் காத்தான் வரை ஆள் மாறும். காலை ஒன்பது மணிக்கு அமர்வு இருக்கிறவன் முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை. எட்டு மணிக்கே படுத்துச் சாமம் இரண்டுக்கு எழும்பிப் போ. கழுவேற்றம் விடியற்புறம்தான், அதற்கு முந்திய நல்ல பாட்டுகளும் கிடைக்கும். பாயோ விரிப்போ கொண்டுபோ. ஃப்ளாஷ் வெளிச்சம் நடிகரின் கண்ணைக் கூசவைக்கும், அணைத்துவிடு.

பொழுதுபட்டால் ஊர்களுக்கு பஸ் குறைவு. கொண்டுபோய்விடுகிற ஓட்டோவிடமே திரும்பி வரவும் விலை பேசி, நம்பரை வாங்கி வை. நடுச்சாமத்தில் ஊருக்குள் ஓட்டோ தேடுவது வீண் வேலை.

இரவு ரயிலில் வராதே. கண்முழித்து வந்து அன்றிரவே மேளம் கேட்க இருந்தால் தனி வரும்போது நித்திரை தூக்கும். முதல்நாள் பகல் ரயிலில் வந்து படு. திகதி உறுதியானதும் எழுது மச்சான். அந்த நாட்களில் எங்கெங்கே பூங்காவனம், எந்த மேளம் என்று விசாரித்து எழுதுகிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சிவா